நாற்பத்தேழாம் எண் வண்டி இன்னும் தாமதமாகவில்லை

பாரிட் தீமோர் ஸ்டேஷனைப் பற்றி யாராவது உங்களிடம், "அதுதான் கைவிட்ட ஸ்டேஷனாச்சே" என்று பேச்சுக் கொடுத்தால் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள். அப்படி ஒரு வார்த்தை சொல்லப்போய்த்தான் எங்கள் கம்பத்துக் (கிராமத்தை இங்கே கம்பம் என்போம்) கார்த்திகேசு கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸுக்கு இரண்டு முறை அலைந்தார், கடைசியில் எங்கள் நூற்று நாற்பது வீட்டுக்கும் விசாரணைக் கடிதம் வந்தது. கடிதம் கழகத்திலிருந்து வந்தது. கழகம் என்றால் இருப்புப்பாதை நிலையப் பேணல் கழகம். அவர்கள் எதையும் கைவிடுவதில்லை என்று அவர்களுடைய கடிதத் தலைப்பிலேயே அச்சடித்திருக்கிறார்கள்.

கிள்ளானுக்குப் போகும் பெரிய சாலைக்கும் எங்கள் கம்பத்துக்கும் நடுவில் இருக்கிறது ஸ்டேஷன். அதன் ஓரத்தில் ஒரு ரயில்வே கேட். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு, நாற்பத்தேழாம் எண் வண்டி முந்தின ஸ்டேஷனை விட்டுக் கிளம்பிவிட்டது என்று போன் வந்தது. கேட் கீப்பர் சின்னையா கேட்டை மூடினார். வண்டி பத்து நாற்பதுக்கு வர வேண்டும். அதே நேரத்தில் கோலாலம்பூரில் குளிர்சாதன அறை ஒன்றில் உட்கார்ந்திருந்த சிலர் இந்தத் தடத்தையே நிறுத்திவிடுவதென்று முடிவு செய்தார்கள். வண்டி பாதி வழியிலேயே திரும்பிப் போய்விட்டது. சின்னையாவுக்கு மட்டும் யாரும் மறுபடி போன் செய்யவில்லை.

சின்னையா பொல்லாதவர் இல்லை. ஆனால் விதி என்று வந்துவிட்டால் பெற்ற தாய்க்கும் பூட்டைத் திறக்கமாட்டார். கேட் கொட்டகைச் சுவரில் அந்த விதியைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். ஒரு வண்டிக்காக மூடிய கேட்டை அந்த வண்டி கடந்த பிறகோ, அது வராது என்று பொறுப்புள்ள அதிகாரி ஒருவர் அறிவித்த பிறகோதான் திறக்க வேண்டும். அவ்வளவுதான் விதி. நாற்பத்தேழு கடக்கவில்லை, யாரும் அறிவிக்கவும் இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சின்னையா கேட் புத்தகத்தில், "47 இன்னும் கடக்கவில்லை" என்று எழுதுகிறார். கழகம் ஒவ்வொரு ஜனவரியிலும் புதுப் புத்தகம் அனுப்பி வைக்கிறது. அந்த ஒரு விஷயத்தில் அவர்களிடம் குறை சொல்ல முடியாது.

நாங்கள் ஏன் சும்மா இருந்தோம் என்று கேட்பீர்கள். கேட்டுக்குப் பக்கத்தில் ஓர் இடுக்கு இருக்கிறது. நடந்து போகலாம், மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு போகலாம். காரென்றால் மேம்பாலத்தைச் சுற்றி ஏழு கிலோமீட்டர். திட்டிக்கொண்டே சுற்றப் பழகிவிட்டோம். மோட்டார் போக இடுக்கு இருக்கும்வரை எங்கள் ஊரில் யாரும் கொடி பிடிக்கமாட்டார்கள்.

கார்த்திகேசுவின் மனைவி நல்லம்மாளுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. செவ்வாய், வியாழன், சனி, காலை பதினொரு மணிக்குக் கிள்ளானில் டயாலிசிஸ். தர்ம ஸ்தாபனம் ஒன்றின் வேன் பெரிய சாலையில் வந்து நிற்கும். நல்லம்மாள் கணவரின் தோளைப் பிடித்துக்கொண்டு இடுக்கு வழியாக நடந்துபோய் ஏறுவாள். போன தீபாவளிக்குப் பிறகு கால் இரண்டும் வீங்கிச் சக்கர நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். இடுக்கின் நடுவில், கார் நுழையக் கூடாதென்று கழகம் ஓர் இரும்புக் கம்பம் நட்டிருக்கிறது. சக்கர நாற்காலியும் அதில் நுழையாது. அறுபத்து மூன்று வயதுக் கார்த்திகேசு, முப்பது வருஷம் லோரி ஓட்டி இடுப்பைக் கெடுத்துக்கொண்டவர், மனைவியை இரண்டு முறை முதுகில் சுமந்து கடந்தார். மூன்றாம் முறை இருவருமே ஜல்லிக்கல்லில் விழுந்தார்கள்.

வேன் டிரைவர் லோகன் நல்ல பிள்ளை. கொஞ்ச நாள் சுற்றி வந்து வீட்டு வாசலிலேயே ஏற்றிக்கொண்டான். பிறகு ஒருநாள் தலையைச் சொறிந்தான்.

"அங்கிள், சுத்தி வந்தா மத்த அஞ்சு பேஷண்டும் லேட் ஆகுறாங்க. லேட்டுன்னா மெஷின்ல ஒரு மணி நேரம் கட் பண்றாங்க லா. இந்த மாசக் கடைசி வரைக்கும்தான் என்னால முடியும். அப்புறம் ரோட்டுப் பக்கம்தான் நிப்பேன். ஆன்டி வரலன்னா ஆபீஸ்ல பேரை எடுத்துடுவாங்க."

பேரை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று கார்த்திகேசு கேட்கவில்லை. நல்லம்மாளின் காலைப் பார்த்தாலே தெரியும். அன்று மத்தியானமே சின்னையாவிடம் போய் நின்றார்.

"அண்ணே, எனக்கு மட்டும் ஆசையா இதை மூடி வைக்க?" என்றார் சின்னையா. "ஆபீஸர் ஒருத்தர் 'வராது'ன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். அடுத்த நிமிஷம் தொறக்கறேன். போய் அந்த ஒரு வார்த்தைய வாங்கிட்டு வாங்க."

ஒரு வார்த்தைதானே என்று கார்த்திகேசு மறுநாளே பிரிக்பீல்ட்ஸுக்குப் பஸ் ஏறினார்.

கழகத்தின் அலுவலகம் பூமாலைக் கடைகளுக்கு மேலே நான்காம் மாடியில் இருக்கிறது. சுவரில் பெரிய பலகை. தாமதம்: பூஜ்யம். புகார்: பூஜ்யம். விபத்து: பூஜ்யம். எண் சீட்டு எடுத்துக்கொண்டு ஒன்றேகால் மணி நேரம் உட்கார்ந்தார். அறையில் அவரைத் தவிர யாருமில்லை. அவருடைய எண் நானூற்று இரண்டு. பிறகு கூப்பிட்டார்கள். வருகைப் பிரிவின் துணை மேலாளர் ராதாகிருஷ்ணன், நாற்பது வயது, நன்றாகத் தேய்த்த சட்டை.

"உட்காருங்க அங்கிள். என்ன கம்ப்ளெயின்? ரயில் லேட்டா?"

"லேட் இல்ல பாஸ். வரவே வராது. அதைக் கொஞ்சம் சொல்லிட்டீங்கன்னா கேட் தொறந்துடுவாங்க."

ராதாகிருஷ்ணன் பேனாவைக் கீழே வைத்தார். "வராதுன்னு உங்களுக்கு யார் சொன்னா?"

"தண்டவாளத்தையே ரெண்டு மைலுக்குப் பேத்து எடுத்தாச்சே! அந்த எடத்துல இப்ப கார் வாஷ் நடக்குது."

"தண்டவாளம் வேற டிப்பார்ட்மெண்ட். நாங்க வருகை மட்டும்தான். வருகையில எந்தப் பிரச்சினையும் இல்ல."

"பன்னெண்டு வருஷம் லேட்டு, பிரச்சினை இல்லையா?"

ராதாகிருஷ்ணன் பள்ளிக்கூட வாத்தியார் மாதிரிப் பொறுமையாக விளக்கினார். "லேட்டை எப்படிக் கணக்குப் பண்றோம்? வந்த டைம்ல இருந்து வரவேண்டிய டைம கழிக்கணும். வண்டி வந்துச்சா? வரல. அப்ப எதுல இருந்து கழிப்பீங்க? வராத வண்டி லேட்டே ஆகாது அங்கிள். உண்மையச் சொன்னா, எங்க கிட்ட இருக்கறதுலயே பங்க்சுவல் வண்டி அதுதான்."

கார்த்திகேசுவுக்குத் தலை சுற்றியது. இருந்தாலும் அவருக்குள் ஒரு சந்தேகம் முளைத்தது. இத்தனை படித்த மனிதர் இப்படிப் பேசுகிறார் என்றால் அந்த நிலத்தை எவனுக்கோ விற்றிருக்கிறார்கள். அதே நேரத்தில் ராதாகிருஷ்ணனுக்கும் ஒரு சந்தேகம் முளைத்தது. கேட்டைத் திறக்கச் சொல்லிப் பஸ் ஏறி வந்திருக்கிறான் என்றால் இவன் பின்னால் எவனோ இருக்கிறான்.

"கேட் தொறந்தா உங்களுக்கு என்ன லாபம்?"

"என் சம்சாரத்துக்கு டயாலிசிஸ், பாஸ்."

ராதாகிருஷ்ணன் பாரத்தில் எழுதினார்: காரணம், மருத்துவம். அடைப்புக்குறிக்குள், "அவர் சொல்கிறபடி." எழுதி முடித்து நிமிர்ந்தார்.

"இதுக்குப் பின்னால யார் இருக்காங்க?"

"வீல்சேருக்குப் பின்னால நான் மட்டும்தான் இருக்கேன்."

அதையும் எழுதிக்கொண்டார்.

அடுத்த வாரம் ஆய்வுக் குழு வந்தது. நான்கு பேர், பளபளக்கும் மேல்சட்டை, தலைக்கவசம், ஒரு கேமரா. காலை ஒன்பதிலிருந்து மத்தியானம் ஒன்று வரை பிளாட்பாரத்தில் நாற்காலி போட்டு ரயிலுக்குக் காத்திருந்தார்கள். கழிப்பறையைத் திறந்து பார்த்து மிகவும் மெச்சினார்கள். பன்னிரண்டு வருஷமாக அதற்குள் யாரும் போகவில்லை. பிறகு பிளாட்பாரக் கடிகாரத்தைப் படம் எடுத்தார்கள். அது எந்தக் காலத்திலோ பத்து முப்பத்தெட்டில் நின்றுபோயிருந்தது. குழுவின் அறிக்கையை நான் பின்னால் பார்த்தேன். "நிலையக் கடிகாரத்தின்படி வண்டி வர இன்னும் இரண்டு நிமிடம் உள்ளது. எனவே தாமதம் என்ற பேச்சுக்கே இடமில்லை. நிலையம் முழு இயக்கத்தில் உள்ளது" என்று நான்கு பேரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

போகும்போது கார்த்திகேசுவுக்கு ஒரு தேத்தண்ணியும் கழகத்தின் பெயர் போட்ட பனியன் ஒன்றும் கொடுத்தார்கள். அவர் செய்த பெரிய தப்பு அந்தப் பனியனை வாங்கியதுதான். நாசி லெமாக் சோற்றுக் கடை தங்கமணி அக்கா அதைப் பார்த்துவிட்டாள்.

"காரணம் இல்லாம பனியன் கொடுப்பாங்களா? கொண்டோ கட்டப் போறானுங்க. இவருக்கு அதுல ஒரு வீடு பேசியாச்சு" என்றாள். சாயங்காலத்துக்குள் அது பதினேழாவது மாடி, மூன்று அறை என்று முடிவாகிவிட்டது.

நானும் நம்பினேன். அந்த மனுஷனுக்கு நாற்பது வருஷமாகப் பக்கத்து வீட்டுக்காரன் நான். மனைவியின் துணியைத் துவைத்துக் காயப்போடுவதைத் தினமும் வேலிக்கு இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தவன். அப்படியும் நம்பினேன். இப்போது இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

பத்து நாளில் கார்த்திகேசுவுக்கு விசாரணை என்று கடிதம் வந்தது. நான்காம் மாடியில் மூன்று பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ராதாகிருஷ்ணன் ஓரத்தில் குறிப்பெடுத்தார். நடுவில் இருந்தவர் கேட்டார்.

"நாப்பத்தேழு வராதுன்னு நீங்க சொன்னதா ரெக்கார்ட் இருக்கு. ஒரு வண்டி வராதுன்னு முன்கூட்டியே ரெண்டு பேருக்குத்தான் தெரிய முடியும். ஒண்ணு எங்களுக்கு. எங்களுக்குத் தெரியாது. இன்னொண்ணு, அதை வரவிடாம பண்றவனுக்கு. நீங்க எதுல சேர்த்தி?"

"ஐயோ சார், இது யாருக்குத்தான் தெரியாது?"

"அந்த 'யாரு' எல்லாம் யாரு? பேர் கொடுங்க."

கார்த்திகேசு வெகுளி. கம்பத்தில் எல்லாருக்குமே தெரியும் என்றார். மறுவாரம் நூற்று நாற்பது வீட்டுக்கும் கடிதம் போனது. ரயில் வராது என்ற தகவல் உங்களுக்கு எங்கிருந்து கிடைத்தது, பதினான்கு நாளில் விளக்கம் தரவும். ரயிலை மறந்தே போயிருந்தவர்கள் எல்லாரும் கார்த்திகேசு தங்களைக் காட்டிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். பாதிப் பேர், "ரயில் கண்டிப்பாக வரும் என்று நம்புகிறோம்" என்று பதில் எழுதித் தப்பித்தார்கள். அந்தப் பாதியில் நான் ஒருவன்.

அன்று விசாரணை முடிந்து வெளியே வந்தபோது லிஃப்ட் வரைக்கும் ராதாகிருஷ்ணன் கூடவே வந்தாராம். குரலைத் தாழ்த்திச் சொன்னாராம், "அங்கிள், தப்பா நினைக்காதீங்க. எங்ககிட்ட இருக்கற ஒரே ஸ்டேஷன் உங்க ஸ்டேஷன்தான். ஒரே வண்டி அந்த நாப்பத்தேழுதான். அது வராதுன்னு நான் சொல்லிட்டா மாடி பூரா நாப்பத்தோரு பேர் வீட்டுக்குப் போகணும். வந்துகிட்டே இருக்குன்னா எல்லாரும் இருக்கலாம். புரியுதா?"

கார்த்திகேசுவுக்குப் புரிந்தது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் அப்படியே சொன்னார். நல்லம்மாள் சுங்கைவேயில் எலெக்ட்ரானிக் ஃபாக்டரியில் இருபத்தாறு வருஷம் கியூசி, அதாவது தரச் சோதனை, பார்த்தவள். ஒரு சர்க்யூட் போர்டைக் கையில் கொடுத்தால் எந்த ஈயப் பொட்டு ஒட்டவில்லை என்று ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுவாள். எல்லாம் கேட்டுவிட்டு, "ராதாகிருஷ்ணன் சொல்லமாட்டான். அவன் வேலை போயிடும். வேலை போகாத ஆளு யாருன்னு பாருங்க" என்றாள்.

மாதம் முடிந்தது. அடுத்த மாதத்தின் முதல் சனிக்கிழமை பாரிட் தீமோருக்கு விழா. கழகத்தின் ஆண்டின் சிறந்த நிலையம் என்ற விருது அதற்குத்தான். போட்டியில் வேறு நிலையம் கிடையாது. தலைவர் பழனியப்பன், டத்தோ பட்டம் வாங்கியவர், நேரில் வருகிறார். பிளாட்பாரக் கூரை எப்போது தலையில் விழும் என்று தெரியாததால், ஏற்பாட்டுக்காரர்கள் மேடையைக் கீழே தண்டவாளத்தின் மேலேயே போட்டார்கள். நல்ல சமதளம் என்றார்கள். சாப்பாட்டுக் கூடாரத்தை அடித்த இடம் கேட்டின் பக்கத்து இடுக்கு. விருந்தினர் எல்லாரும் மேம்பாலத்தைச் சுற்றித்தான் வந்தார்கள்.

அன்று நல்லம்மாளுக்கு டயாலிசிஸ். பத்தேமுக்கால் வரை பெரிய சாலையில் நிற்பதாக லோகன் சொல்லியிருந்தான். யாராவது இரண்டு பேர் நாற்காலியோடு தூக்கி அந்த இரும்புக் கம்பத்தைத் தாண்டி விட்டால் போதும் என்று கார்த்திகேசு காலையிலேயே வீடு வீடாகக் கேட்டிருக்கிறார். ஒருவரும் வரவில்லை. என் வீட்டுக் கதவையும் தட்டினார். நான் குளித்துக்கொண்டிருப்பதாகச் சொல்லச் சொன்னேன். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு விழாவுக்குப் போய் மூன்றாவது வரிசையில் கறிப்பாப் தின்றுகொண்டிருந்தேன்.

டத்தோ பேசினார்.

"நண்பர்களே, மற்ற நாடுகளில் ரயிலை வைத்து நிலையத்தை மதிப்பிடுகிறார்கள். அது பழைய சிந்தனை. ரயில் வந்தால் சத்தம், புகை, குப்பை, பயணிகள். பயணிகள் வந்தால் புகார். இவை எதுவும் இல்லாமல் ஒரு நிலையத்தைப் பன்னிரண்டு ஆண்டுகள் பேணிக் காட்டியிருக்கிறோம். வெளிநாட்டிலிருந்து வந்த நிபுணர் ஒருவர் என்னிடம், இது எப்படி முடிகிறது என்று கேட்டார். மக்களைக் கொஞ்சம் தள்ளி வைத்தால் எதையும் நன்றாகப் பேணலாம் என்றேன்."

கை தட்டினோம். நானும் தட்டினேன்.

அப்போது கார்த்திகேசு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு மேடைக்கு நேர் எதிரே வந்துவிட்டார். கூடாரத்தைக் கொஞ்சம் ஒதுக்கச் சொல்லிக் கேட்கப் போனவரை அங்கே இங்கே என்று விரட்டியதில் அப்படி வந்து சேர்ந்தார். முகம் வேர்த்து வழிந்தது. ராதாகிருஷ்ணன் பதறிப்போய் ஓடி வந்தார். "அங்கிள், இது தண்டவாளம்! இங்க நிக்கக் கூடாது, டேஞ்சர்!"

நல்லம்மாள் அவரைப் பார்க்கவே இல்லை. மேடையை மேலும் கீழும் பார்த்தாள். ஃபாக்டரியில் போர்டைப் பார்த்த அதே பார்வையாகத்தான் இருக்கும். பிறகு பலவீனமான குரலை முடிந்த மட்டும் உயர்த்தினாள்.

"டத்தோ! மேடை தண்டவாளத்து மேல இருக்கு. நாப்பத்தேழு இன்னும் வரணும். கேட்டு மூடியிருக்கு பாருங்க. வண்டி வந்துடுச்சுன்னா உங்க எல்லாரையும் அடிச்சிட்டுப் போயிடும். தயவு பண்ணி எறங்கிடுங்க."

மேடையில் இருந்த ஆய்வுக் குழுக்காரர் நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். வண்டிக்கு இன்னும் இரண்டு நிமிடம்தான் என்று கையெழுத்துப் போட்டவர்கள் அவர்கள். ஒருவர் மெல்ல எழுந்தார். மற்ற மூவரும் எழுந்தார்கள். முன்வரிசையில் டத்தின்கள், அதாவது டத்தோமாரின் மனைவிகள், கைப்பையை எடுத்துக்கொண்டார்கள். நாற்காலிகள் நகர்ந்தன. போட்டோக்காரர் கேமராவை இறக்கிவிட்டார். டத்தோ ராதாகிருஷ்ணனைப் பார்த்தார்.

"ஏம்ப்பா, சொல்லேன் அந்தம்மாகிட்ட!"

ராதாகிருஷ்ணன், "டத்தோ, வருகையப் பத்தி நான் கருத்துச் சொல்ல முடியாது டத்தோ" என்றார்.

ஆட்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். டத்தோவுக்குக் கோபம் வந்தது. இருந்தாலும் பெரிய மனிதர், சிரித்துக்கொண்டே மைக்கைப் பிடித்தார்.

"உட்காருங்க, எல்லாரும் உட்காருங்க! அம்மா, பயப்படாதீங்க. எந்த ரயிலும் வராது. நாற்பத்தேழும் வராது, நாற்பத்தெட்டும் வராது. பன்னிரண்டு வருஷமா வராதது இன்னைக்குத்தானா வரப்போகுது? நான் சொல்றேன், வரவே வராது!"

நான்கு ஒலிபெருக்கியிலும் கேட்டது. கம்பம் முழுக்கக் கேட்டது. ராதாகிருஷ்ணன் பக்கத்தில் கிடந்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

சின்னையா கேட் புத்தகத்தோடு மேடை ஏறினார். யூனிஃபார்ம், தொப்பி, கையில் பேனா.

"டத்தோ, முழுப் பேர், பதவி, நேரம். இங்க ஒரு கையெழுத்து."

வருகையாளர் புத்தகம் என்று நினைத்தாரோ என்னவோ, டத்தோ மூன்று பட்டங்களையும் சேர்த்து எழுதி, கீழே நீளமாகக் கையெழுத்துப் போட்டார். ராதாகிருஷ்ணன் எழுந்து வந்து காதில் ஏதோ சொன்னார். டத்தோவின் சிரிப்பு அப்படியே இருந்தது, முகம் மட்டும் வெளுத்தது.

"கொஞ்சம் அதைக் கொடுங்க, ஒரு திருத்தம் பண்ணணும்."

"எழுதியாச்சு டத்தோ" என்றார் சின்னையா. தொப்பியைச் சரிசெய்துகொண்டு இறங்கிக் கேட்டை நோக்கி நடந்தார்.

துருப்பிடித்த பூட்டு, நாலு பேர் சேர்ந்து உடைக்க வேண்டியிருக்கும் என்று நாங்கள் நினைத்தோம். பன்னிரண்டு வருஷமாக வெள்ளிக்கிழமை தவறாமல் அந்த மனிதர் பூட்டுக்கும் கீலுக்கும் எண்ணெய் விட்டு வந்திருக்கிறார். கேட் சத்தமே இல்லாமல் திறந்தது. எனக்கு அழுகை வந்தது. கறிப்பாப்பை நாற்காலியில் வைத்துவிட்டு ஓடிப்போய்ச் சக்கர நாற்காலியின் ஒரு பக்கத்தைப் பிடித்தேன். கார்த்திகேசு என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

லோகன் வேனைத் திருப்பி உள்ளே கொண்டுவந்தான். நல்லம்மாளை ஏற்றினோம். மணி பத்து ஐம்பது. வேன் தண்டவாளத்தின் மேல் ஏறியதும் லோகன் பழக்கதோஷத்தில் பிரேக்கை மிதித்தான்.

"போப்பா. டத்தோவே சொல்லிட்டாரே" என்றாள் நல்லம்மாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கார்த்திகேசு மட்டும் கண்ணாடியை இறக்கினார். தலையை முழுக்க வெளியே நீட்டி வலது பக்கம் பார்த்தார், இடது பக்கம் பார்த்தார், மறுபடியும் வலது பக்கம் பார்த்தார். கழகம் வாயால் சொல்லிவிட்டது என்பதற்காக நம்பிவிட அவர் தயாராக இல்லை.